இரண்டு பிரசவ வார்டுகள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடிக் கடை விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று உங்கள் முதலாளி கேட்டால், பவர் சரியில்லை என்று யாரோ வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு எழுதினால் அத்தை பிரித்துப் படிப்பார். போனில் பேசலாம் என்றால், அத்தைக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசிய மாதிரி இருக்கும். நான் இங்கே தும்மினால் அங்கே பக்கத்து வீட்டிலிருந்து கைவைத்தியம் வருகிறது. உங்கள் சொந்த நம்பருக்கு அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்தே நீங்கள் எடுத்ததில்லை.

எனக்கு ஐந்தாம் மாதம். போன வாரம் ஸ்பீக்கரில் சொன்னபோது சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷமாக இருப்பது போலவே பேசினேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உங்கள் தம்பி கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனால் வாரக் கடைசியில்தான் வருகிறார். மீதி நாளெல்லாம் நான் ஓட்டலின் சலவைப் பிரிவில் போர்வை மடித்துவிட்டு இந்த மூன்றாவது மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது. பிரிட்ஜ் ஓடி நின்றால் அந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்கிறது.

என் அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதம் அவளுக்குப் போயிருக்கும். இப்போது கேட்க எனக்கு, அதே வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நீங்கள்தான். கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு என்ன நடந்தது? ஏதோ தப்பாகப் போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் "அவளுக்குக் கொடுத்து வைக்கல" என்று மட்டும்தான் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சின்னவள்


ஜனவரி 28

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வியாபாரமே கவலை.

விழுந்தது பாத்திரம் இல்லை, மூடி. அதை நானாகப் போடவும் இல்லை.

உன் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஏர்போர்ட்டில் உன் பெட்டியை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் இரண்டு அடியில் நின்றுகொண்டு உன் சிநேகிதியிடம் சொன்னாய்: "எது எப்படியோ, என் பிள்ளைய இந்த ஊர்ல பெத்துக்க மாட்டேன்." பின்னால் நான் நிற்பது உனக்குத் தெரியாது என்று நினைத்துப் பார்த்தேன். தெரிந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் வலித்தது. வண்டியில் திரும்பி வரும்போது உன் அத்தான், "ஏன் பேசாம வர்ற?" என்றார். தூக்கம் வருகிறது என்றேன்.

இந்த ஊரில்தான் நான் பெற்றேன். அதைக் குழந்தை என்று சொல்லக்கூட இந்த வீட்டில் யாரும் விடவில்லை. "அது போச்சு" என்பார்கள். என்னவோ குடை தொலைந்த மாதிரி.

நீ கேட்டது போல ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒன்பதாம் மாதம் தொடக்கம். காலையிலிருந்து உள்ளே ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் இடமில்லை, சுவரில் சாய்ந்து நின்றேன். என் முறை வந்ததும் சொன்னேன். நர்ஸ் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "முதல் பிள்ளையா? எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. போய் நல்லா சாப்டுட்டுப் படு. தன்னால ஆடும்" என்றாள். மறுபடி சொன்னேன். "இங்க நிக்கிற அத்தனை பேரையும் நான் படுக்க வெச்சுப் பாக்கணுமா?" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மறுபடி போனேன். அதே நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எடுத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றாள். அவள் என்னிடம் மரியாதையாகப் பேசியது அப்போதுதான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதுக்கு மேல் இன்றைக்கு முடியாது.

பெரியவள்


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஓட்டல் சலவை அறையில் துவைக்கும் எந்திரங்களுக்குப் பின்னால் நின்று படித்தேன். அங்கே அழுதால் சத்தம் வெளியே கேட்காது.

ஏர்போர்ட்டில் சொன்னது உண்மைதான். உங்களுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன். இளக்காரமாகச் சொல்லவில்லை, நடுங்கிப்போய்ச் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த நாட்டைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். பஸ் எப்போது வரும் என்று பலகையில் எழுதிக் காட்டுகிறது, அது பொய் சொல்வதில்லை. நடைபாதையில் ஒரு பள்ளம் இல்லை, ஒரு கடை இல்லை, ஒரு வண்டி நிற்பதில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும், நான் கேட்காமலேயே மேற்பார்வையாளர் அம்மாள் என்னை மூட்டை தூக்கும் இடத்திலிருந்து எடுத்துத் தலையணை உறை மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டாள். உட்கார நாற்காலி போட்டாள்.

பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒருத்தி இருக்கிறாள். என்னைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "தொடட்டுமா?" என்று கேட்கிறாள். வலி வரும்போது என்ன பாட்டு வேண்டும், விளக்கு மங்கலாக இருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பிரசவ அறையைக் காட்டினார்கள். நம் வீட்டுக் கூடத்தை விடப் பெரியது. கணவன் உட்கார ஒரு சாய்வு நாற்காலி வேறு.

ஆனால் டாக்டரை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. எப்போது பார்ப்பேன் என்று கேட்டேன். "பிரச்சினை எதுவும் இருந்தால் டாக்டர் வருவார். உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சிரித்தாள். பிரச்சினை இருக்கிறது என்று யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்க எனக்கு அவர்கள் மொழி போதவில்லை. ஸ்கேனும் இரண்டே தடவைதான். போன மாதம் இரண்டாவதும் முடிந்துவிட்டது, இனி கிடையாதாம்.

எல்லாரும் அவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்கள், அக்கா. நான் செத்துக்கொண்டிருந்தாலும் இதே குரலில்தான் பேசுவார்களோ என்று தோன்றுகிறது. நம் ஊரில் முகத்தைப் பார்த்தால் சமாச்சாரம் தெரிந்துவிடும். இங்கே முகத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை.

பஸ்ஸில் என் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் தருகிறார்கள். எத்தனை மாதம் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லையாம்.

சின்னவள்


மார்ச் 3

சின்னவளுக்கு,

ஒரு விஷயம். எனக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது.

உன் அத்தானுக்கு மட்டும் தெரியும். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் தெருவுக்கே தெரியும். போன தடவை தெரு முழுவதும் தெரிந்திருந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பதில் சொன்னது நான்தான். புடவையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறேன். நீயும் ஸ்பீக்கரில் உளறிவிடாதே.

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. போன தடவை அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று கடையில் ஒருவருக்குக் கண்ணாடி பிரேம் மாட்டிவிடும்போது அப்படியே கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டேன். "என்னம்மா, காதுல ஏதாவது இருக்கா?" என்று அவர் பயந்துவிட்டார்.

நீ உன் ஊரைப் பற்றி எழுதியதற்கு நான் என் ஊரைப் பற்றி எழுதுகிறேன். தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனோம். உள்ளே நுழைந்து உட்காரவில்லை, எந்தத் தேதியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களுக்கு என் வயிறு ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. உன் அத்தான் பஸ் டிப்போவில் வாங்கும் சம்பளத்துக்கு அது ஒத்துவராது என்று வெளியே வந்துவிட்டோம். அப்புறம் இருப்பது பெரிய ஆஸ்பத்திரிதான். அந்த வராந்தா, அந்தச் சுவர், அந்தப் பெஞ்ச். நம் தெருவிலிருந்து அங்கே போகும் வழியைக் குழாய் போடத் தோண்டி அப்படியே போட்டிருக்கிறார்கள். ஆட்டோ குலுக்குகிற குலுக்கலில் வழியிலேயே பெற்றுவிடலாம்.

உன் நாட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ள முடியுமா என்று ஒரு ஏஜெண்டிடம் விளையாட்டாக விசாரித்தேன். விசா கைக்கு வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும் என்றான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பெண்கள் உன்னை ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். எத்தனை மாசம், கால் ஏன் வீங்கியிருக்கு, தண்ணி குடிக்கிறியா. இந்தக் கேள்வியெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நீ எழுதியதைப் படித்த பிறகு எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ என்னிடம் கேட்டதற்குப் பதில்: எப்படித் தெரியும் என்றால், தெரியும். உனக்கும் தெரியும். அப்படித் தோன்றினால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதே. போ. போய் அங்கேயே உட்கார். சிரித்துப் பேசாதே. நீ பயந்தால் சிரிப்பாய், நான் பார்த்திருக்கிறேன். உன் சிரிப்பைப் பார்த்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அதட்டி அனுப்புகிறார்கள், அங்கே தடவிக்கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டும் ஒன்றுதான்.

பெரியவள்


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இடையில் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. வாயில் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறேன்.

போன வாரம் பிற்பகலில் ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. நீங்கள் சொன்னபடி உடனே போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பெயர் சொல்லி அழைத்து உட்கார வைத்தாள். பட்டை கட்டி எந்திரத்தில் போட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இதயச் சத்தம் கேட்டது. எல்லாம் சரி என்றார்கள். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், தயங்கவே தயங்காதீர்கள்" என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன்.

இன்றைக்கும் காலையிலிருந்து அமைதியாக இருக்கிறது. உங்கள் தம்பி பட்டறையில் இருக்கிறார், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். இடது பக்கமாகப் படுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். போனில் பேசியவர் பொறுமையாக எல்லாம் கேட்டார். ரத்தம் பட்டதா, நீர் உடைந்ததா, வலி இருக்கிறதா. ஒன்றுமில்லை என்றேன். "போன வாரம்தானே பார்த்தோம், எல்லாம் நன்றாக இருந்தது. கடைசி மாதத்தில் இடம் குறைவதால் அப்படித் தோன்றும். இதமான நீரில் குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் கவனித்துப் பாருங்கள், பிறகு கூப்பிடுங்கள்" என்றார். நான் சரி என்றேன். நன்றி கூடச் சொன்னேன்.

குளித்துவிட்டேன். இப்போது மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு கை வயிற்றில் இருக்கிறது. வெளியே நல்ல வெயில். கீழே பூங்காவில் தள்ளுவண்டிகளில் குழந்தைகளைக் கொண்டுபோகிறார்கள். எல்லாரும் சாவகாசமாக நடக்கிறார்கள். இந்தத் தெருவில் அவசரமாக ஓடும் ஒரு மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆடியது போல இருந்தது. இல்லை, நான் நகர்ந்ததுதான்.

மறுபடி கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள்? எங்கிருந்தோ வந்து எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டுமே என்றும் தோன்றுகிறது. கை எழுதிக்கொண்டிருக்கிறது, கால் எழுந்திருக்க மறுக்கிறது. எழுதுவதை நிறுத்தினால் பிரிட்ஜ் சத்தம் மட்டும்

போகிறேன் அக்கா. இரண்டு மணி நேரம் ஆகவில்லை, ஆனாலும் போகிறேன்.


மே 11

சின்னவளுக்கு,

நீ கடைசியாக என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. தபால் எதுவும் வரவில்லை. போன் வந்தது. தம்பி ஸ்பீக்கரில் அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. ஆபரேஷன் ஆகிவிட்டது, பெண் குழந்தை, மூச்சு விடக் கஷ்டப்படுகிறது, உடம்பைக் குளிர வைத்து வைத்திருக்கிறார்கள், மூன்று நாள் யாரும் தூக்கக் கூடாது என்றான். குளிர வைப்பதா என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். பச்சைக் குழந்தையை யாராவது குளிர வைப்பார்களா என்றார். மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொல்வதாகத் தம்பி சொன்னான். அப்புறம் லைன் போய்விட்டது. கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை சொன்னார்: "அங்கயே இப்படின்னா, இங்கல்லாம் என்னத்த சொல்றது."

அவர் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. அவருக்கு என் விஷயம் தெரியாது. எனக்கு வயிறு தாமதமாகத்தான் வெளியே தெரியும், உடம்பு வாகு அப்படி. ஆனால் அந்த வார்த்தை என் வயிற்றில் இறங்கிவிட்டது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற ஊரில், தொடட்டுமா என்று கேட்டுத் தொடுகிற ஊரில் உனக்கு இப்படி. எனக்கு யார் இருக்கிறார்கள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு செக்கப்புக்கு நான் போகவில்லை. போகிறேன் என்று உன் அத்தானிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போகிறேன். உள்ளே அந்த வராந்தா தெரிகிறது. கால் நின்றுவிடுகிறது. திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து கொள்கிறேன். இப்போதெல்லாம் தலையை வலிக்கிறது. கண்ணாடிக்காரிக்கே கண்ணில் பூச்சி பறக்கிறது என்றால் யாரிடம் சொல்வது?

குழந்தை எப்படி இருக்கிறது என்று எழுது. நீ எப்படி இருக்கிறாய் என்றும்.

பெரியவள்


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாதியில் நிறுத்திய கடிதத்தை அப்படியே தபாலில் போட்டுவிட்டேன். இந்நேரம் வந்திருக்கும்.

அன்றைக்கு டாக்சி பிடித்துப் போனேன். வரவேற்பில் அதே பெண். "போனில் பேசினீர்களா? இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதா? கொஞ்சம் உட்காருங்கள், ஒரு அறை காலியானதும் கூப்பிடுகிறோம்" என்றாள். பூ போட்ட திரை, மேசையில் பத்திரிகைகள். உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது, அக்கா. நீங்கள் எழுதிய அதே சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு எழுந்து நின்று கத்தினேன். அவர்கள் மொழி ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தமிழில்தான் கத்தினேன். "என் பிள்ளை ஆடல. யாராவது வாங்க. என் பிள்ளை ஆடல." அந்த இடத்தில் அப்படி ஒரு சத்தம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். காவலுக்கு நிற்கும் ஆள் என் பக்கம் வந்தான். அவனுக்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு மருத்துவச்சி வந்துவிட்டாள். நான் அதுவரை பார்த்திராதவள். என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. தொடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எந்திரத்தில் சத்தம் குதிரை மாதிரி இல்லை. யாரோ களைத்துப்போய்ப் படியேறுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எல்லாரும் ஓடினார்கள். அவர்கள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கட்டிலைத் தள்ளிக்கொண்டே ஒருத்தி கையெழுத்து வாங்கினாள், ஒருத்தி என் மோதிரத்தைக் கழற்றினாள். முகமூடி வைக்கும்போது ஒரு டாக்டர் குனிந்து என் பெயரைச் சொன்னார். நான் பார்த்த முதல் டாக்டர்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டுத் தொட்டேன். மீன் மாதிரி குளிர்ந்திருந்தாள். நான்காம் நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி என் மார்மேல் வைத்தார்கள். பிறகு என்னவாகும் என்று கேட்டால், "காத்திருந்து பார்க்க வேண்டும்" என்கிறார்கள், அதே இனிமையான குரலில்.

இனி நீங்கள் என் மேல் கோபப்படப் போகிற விஷயம். உங்கள் மே மாதக் கடிதம் நேற்று வந்தது. தலைவலி, கண்ணில் பூச்சி என்று படித்ததும் இங்கே நர்ஸிடம் கேட்டேன். ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றாள். உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். நீங்கள் கடையில் இருக்கும் நேரம். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அத்தையிடம், அத்தானிடம், அந்த நேரத்தில் கூடத்தில் யார் யார் இருந்தார்களோ எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஏழாம் மாதம் என்பதையும், செக்கப்புக்குப் போகவில்லை என்பதையும். அன்றைக்கு அந்த வராந்தாவில் உங்களை எப்படித் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். நர்ஸ் சொன்ன வார்த்தை ஒன்று விடாமல்.

லைன் கட்டாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டேன்.

சின்னவள்


ஜூன் 10

சின்னவளுக்கு,

உனக்கு இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். உன்னை நம்பி எழுதியதை நீ கூடத்தில் கொட்டிவிட்டாய். அன்றைக்குக் கடைக்கு உன் அத்தான் வந்து வாசலில் நின்றபோது யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் அத்தை. வீட்டில் கட்டியிருந்த புடவையோடு. "கிளம்பு" என்றார். "எங்கே அத்தை?" "நீ சொன்னப்ப கேக்காம விட்டாங்களே, அங்கதான்."

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வராந்தாவுக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பித்தார். எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தார் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வரிசைல வாங்கம்மா" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். "போன தடவை என் மருமக வரிசைலதான் வந்தா. வரிசைலதான் என் பேத்தியப் பறிகுடுத்தோம். இப்ப நான் வரிசைல வரல" என்றார்.

பேத்தி என்றார். அது பெண் குழந்தை என்று அவர் நினைவு வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கொதிப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எனக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சத்தம் போட்டாள். எங்கே போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா என்று கேட்டாள். அதட்டல்தான். ஆனால் என் கண்ணைப் பார்த்து அதட்டினாள். படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பக்கத்தில் படுத்திருப்பவள் குறட்டை விடுகிறாள். மின்விசிறி நினைத்தால் சுற்றுகிறது. அத்தை கட்டிலுக்குக் கீழே விரிப்பைப் போட்டுப் படுத்திருக்கிறார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தினமும் விரட்டுகிறார்கள். அவர் நகர்வதில்லை.

பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டம் கொஞ்சம் நின்றால் கையைக் கீழே தொங்கவிடுகிறேன். அத்தை எழுந்துவிடுகிறார்.

கோபமும் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவள்


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்பீக்கரில் உங்கள் பையன் அழுவதைக் கேட்டேன். என்ன குரல் அது. என் பெண் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குறைமாதம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போது எடை ஏறியிருக்கிறதா?

ஒன்று எழுத வேண்டும். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என் பெண்ணின் இடது கை திறப்பதில்லை. முதலில் எல்லாக் குழந்தையும் கையை மூடித்தான் வைத்திருக்கும் என்று நினைத்தேன். இப்போது வலது கை என் மூக்கைப் பிடிக்கிறது, முடியை இழுக்கிறது. இடது கை நெஞ்சோடு ஒட்டி மூடியே இருக்கிறது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால், விட்டதும் மூடிக்கொள்கிறது. பிறந்தபோது மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதால் என்று டாக்டர் சொன்னார். காலும் பாதிக்கப்பட்டிருக்கலாம், நடக்கும் வயதில்தான் தெரியும் என்றார். தானாகச் சரியாகாது, பழக்கிப் பழக்கிக் கொஞ்சம் கொண்டுவரலாம் என்றார்.

வாரம் ஒரு தடவை ஒரு பெண் வீட்டுக்கே வந்து கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே செய்கிறாள். பணம் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வருவாளாம், பிறகு பள்ளியிலேயே ஆள் இருக்குமாம். நம் ஊரில் இதற்கு எங்கே போவது என்று விசாரித்துப் பார்த்தேன். உங்களுக்கே தெரியும்.

அதனால் நாங்கள் இனி இங்கேயிருந்து கிளம்ப முடியாது, அக்கா. நாலு வருடம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்ற பேச்சையெல்லாம் மூட்டை கட்டிவிட்டோம். இரண்டு மணி நேரம் கவனித்துப் பாருங்கள் என்று சொன்ன அதே ஊர்தான் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் யாரிடம் கோபப்படுவது? நன்றி சொல்லும்போதே எனக்கு உள்ளே நடுங்குகிறது. இவர்களை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும் என்று தோன்றுகிறது.

உங்கள் தம்பி வேலைக்குப் போனதும் இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும். அவள் தூங்கும்போது மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். எத்தனை தடவை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோவில் வரும்போது போர்வையால் கையை மூடிவிடுகிறேன். நீங்களே சொல்லிவிடுங்கள்.

சின்னவள்


செப்டம்பர் 20

சின்னவளுக்கு,

நான் சிரிக்கவில்லை. நானும் விரலை வைத்துப் பார்க்கிறேன். பையன் தும்மினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பெற்ற பிறகு பயம் விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன்.

பிரசவத்தன்று இந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், அதே ஊராகத்தான் இருந்தது. எட்டுப் பேர் ஒரே அறையில். திரை கிடையாது. நான் கத்தினால் "கத்தாதே" என்று ஒருத்தி கத்தினாள். கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. பையன் வெளியே வந்ததும் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்கள். அவன் அழுவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். அழுதான். பக்கத்துக் கட்டில்காரி எனக்காகக் கும்பிட்டாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. அடுத்த முறையும் நடக்கும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். என் பையனின் இரண்டு கையும் விரிந்து விரிந்து மூடுவதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நேற்று மத்தியானம் அத்தை பையனைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கை, கால், பயிற்சி, நீங்கள் இனி இங்கே திரும்பி வரமாட்டீர்கள் என்பது, எல்லாம்.

அவர் தடவுவதை நிறுத்தவில்லை. பையனின் இடது கையை எடுத்து, விரலை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருந்தார். முடித்துத் துணியால் சுற்றி என்னிடம் கொடுத்தார். சாயங்காலம் ஆளைக் காணவில்லை. இருட்டும் நேரத்தில் வந்தார். கையில் ஒரு சின்னக் கவர். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எட்டுப் பிரதி. எல்லாவற்றிலும் யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கிறார். எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு ஆகும், ஏரோப்ளேனில் எப்படி உட்காருவது, ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தான், "அம்மா, அங்க குளிரும், பாஷை தெரியாது" என்றார். காதில் வாங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது என்னிடம் மெதுவாக ஒன்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் நான் இதுவரை பார்த்திராத பயம் இருந்தது.

"அங்க ஆஸ்பத்திரில சத்தம் போட்டா விடுவாங்களா?"

நீதான் பதில் எழுத வேண்டும்.

பெரியவள்